அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

போன மாதம் பிரியா என் கைப்பேசிக்கு ஒரு விளம்பரத்தை அனுப்பியிருந்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மருத்துவமனையில் மருந்தாளுநராக இருப்பவள் அவள். ‘மூன்றே நாளில் படர்தாமரை மாயம், முழுக்க முழுக்க மூலிகை’ என்று ஒருவர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு பேசுகிறார். பின்னால் துளசிச் செடியின் படம். படர்தாமரைக்கும் துளசிக்கும் என்ன உறவோ, அவருக்கே வெளிச்சம். கீழே பிரியா எழுதியிருந்தாள்: “பாய் சார், தினமும் நாலு பேர் இதக் காட்டி, ஒங்க களிம்பு மட்டும் ஏன் ஆறு வாரம்னு சண்டைக்கு வாராங்க. சுவத்துல ஒட்டுற மாதிரி நாலு வரி எழுதித் தாங்க.”

உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். நாலு வரியில் எழுதினால் அதுவும் விளம்பரம் மாதிரியேதான் வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுவது என்று முடிவு செய்தேன். சுவரில் ஒட்ட முடியாது. படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

என் பெயர் அப்துல் ரசாக். ராஜபாளையத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்னச் சித்த மருத்துவமனையில் முப்பது வருடத்துக்கு மேல் மருந்து செய்தேன். சூரணம், தைலம், கஷாயம் எல்லாம் செய்தாலும் ஊர்க்காரர்கள் எனக்கு வைத்த பெயர் ‘களிம்பு பாய்’. சீமை அகத்தி இலையில் நான் செய்த களிம்புதான் காரணம். படர்தாமரை, சேற்றுப்புண், விரல் இடுக்கு அரிப்பு, எல்லாவற்றுக்கும் அது போகும். இந்த ஊரில் அதற்கு ஆள் பஞ்சமே கிடையாது. ஸ்பின்னிங் மில்லில் நூல் அறுந்துபோகக் கூடாது என்று எந்நேரமும் ஈரக் காற்றை அடித்துக்கொண்டே இருப்பார்கள். எட்டு மணி நேரம் அதற்குள் நிற்கிறவனுக்குத் தொடை இடுக்கு என்ன ஆகும்? வத்திராயிருப்பு வயலில் நாற்று நடும் பெண்களுக்குக் கால் விரல் வெந்து போயிருக்கும். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பையன்கள் ஒரே ஜீன்ஸை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, நான்கு பேருமாகச் சேர்ந்தே வருவார்கள்.

பாளையங்கோட்டையில் இரண்டு வருடம் படித்தேன். அங்கே கற்றதில் பாதி இலைகளின் பெயர், மீதி தேர்வு எழுதும் சாமர்த்தியம். வேலையைக் கற்றது டாக்டர் ஜெயசீலியிடம்தான். என்னைவிட ஆறேழு வயது பெரியவர். கூட்டுகிற அம்மாவில் தொடங்கி அறக்கட்டளைத் தலைவர் வரை எல்லோரையும் ‘வாங்க, போங்க’ என்றே பேசுவார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். அவர் குரல் மிகவும் மெதுவாகி, பேரைச் சொல்லி அழைத்தார் என்றால் நான் எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று அர்த்தம்.

அப்படி முதல் தடவை அழைத்தது நான் வேலையில் சேர்ந்த வருடமே. களிம்பு செய்கிற முறையைக் கொஞ்சம் சொன்னால்தான் என் தப்பு புரியும். சீமை அகத்தி இலையைக் காலையில் பறித்து, கழுவி, நிழலில் மேல் ஈரம் போக உலர்த்தி, அரைத்துத் துணியில் பிழிய வேண்டும். அந்தச் சாற்றைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றிச் சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரைத்துப் பொங்கும், பிறகு அடங்கும். அடங்கியதும் இறக்கிவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் பொறுமை வேண்டும். அடியில் நிற்கும் வண்டலை எடுத்து விரலில் உருட்டினால் மெழுகு போலத் திரள வேண்டும். ஒரு திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்தினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். சடசடவென்று வெடித்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். அதன் பிறகு வடிகட்டி, தேன்மெழுகைச் சேர்த்து, ஆறி இறுகும்வரை கையை நிறுத்தாமல் கிண்ட வேண்டும்.

அன்றைக்குத் திரி லேசாகத்தான் வெடித்தது. பசி நேரம். போதும் என்று இறக்கிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மில் தொழிலாளி டப்பாவைத் திறந்து டாக்டரம்மாவின் மேசையில் வைத்தார். களிம்பின் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூத்திருந்தது. பூஞ்சையைக் கொல்லச் செய்த மருந்தில் பூஞ்சை! அந்த மனிதர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“ரசாக், இந்தத் தடவை செஞ்சதுல எத்தனை டப்பா வெளிய போயிருக்கு?”

“ஒம்பது டாக்டரம்மா.”

“ஒம்பது வீட்டுக்கும் நீங்களே போய்த் திருப்பி வாங்கிட்டு வாங்க. ஏன் வாங்குறீங்கன்னும் நீங்களே சொல்லிட்டு வாங்க.”

மூன்று நாள் பேருந்தில் அலைந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, ‘நான் சரியாகக் காய்ச்சவில்லை, மருந்து கெட்டுவிட்டது’ என்று சொன்னேன். வத்திராயிருப்பில் ஒரு அம்மா டப்பாவைக் கொடுக்கவே மறுத்துவிட்டார். “எனக்கு இந்தக் களிம்பு நல்லாக் கேக்குது, நீரு போம்” என்று கதவைச் சாத்தினார். அவரிடம் மன்றாடி வாங்குவதற்குள் கடைசிப் பேருந்து போய்விட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை திரி வெடிக்கும் சத்தத்தோடு ஒரு டப்பாகூட என் கையைவிட்டுப் போனதில்லை.

இனி கருப்பசாமிக்கு வருகிறேன். பிரியாவுக்குப் பதில் சொல்ல இவன் கதைதான் வேண்டும்.

கருப்பசாமி வன்னியம்பட்டிக்காரன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது, அப்போது அவனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையில் அடுப்படி வேலை. விறகு அடுப்பின் முன் நின்று, பெரிய இரும்புச் சட்டியில் பால் சுண்டச் சுண்ட நீளக் கரண்டியால் கிண்டுகிறவன். பதினைந்து வருடமாக அந்தக் கடையின் முதல் சட்டி அவனுடையது. பால் எப்போது திரளும், சர்க்கரையை எப்போது கொட்ட வேண்டும் என்பதெல்லாம் அவன் கை சொல்லும். நானும் கிண்டுகிறவன் என்பதாலோ என்னவோ, பார்த்த அன்றே அவனை எனக்குப் பிடித்துப்போனது.

வைகாசியில் முதல் தடவை வந்தான். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் சிவந்து கிடந்தது. அதற்கு முன் ஒரு வருடம் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ட்யூபைப் போட்டிருக்கிறான். மூன்று நாளில் அரிப்பு போய்விடும். நிறுத்தினால் பத்தாவது நாள் இரண்டு மடங்காக வந்துவிடும். டாக்டரம்மா பூதக்கண்ணாடியால் கையைப் பார்த்துவிட்டு, அவன் கொண்டுவந்த ட்யூபின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார்.

“இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கு. அரிப்பை அமத்தி வைக்கும், பூஞ்சையைக் கொல்லாது. உள்ள அது சொகமா வளந்துக்கிட்டே இருக்கும். இந்த ட்யூப இன்னியோட விட்டுருங்க.”

பிறகு பால்பாயிண்ட் பேனாவால் சிவப்பின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டார். களிம்பைக் கோட்டுக்கு வெளியே இரண்டு விரல் அகலத்தில் தொடங்கி உள்ளே தேய்த்து வர வேண்டும். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் விடாமல் போட வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் இதை அவரே சொல்வார், ஒரு நாளும் சலித்துக்கொண்டதில்லை.

கருப்பசாமியின் முதலாளி நல்ல மனிதர். அடுப்படி வாடிக்கையாளர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி அமைந்த கடை அது. “கை சுத்தமாகுற வரைக்கும் விறகு சொமந்து போடு. சட்டிப் பக்கம் வராத” என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் முதல் சட்டிக்காரன் விறகு சுமப்பது என்பது கருப்பசாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆறு வாரம் ஒரு வேளை தவறாமல் போட்டான். கை பளிச்சென்று ஆனது. ஆடிப்பூரக் கூட்டத்துக்குச் சரியாகச் சட்டிக்குப் போய்விட்டான். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஆவணி பிறந்ததும் திரும்பி வந்தான். உள்ளங்கையில் பழையபடி சிவப்பு. இந்தத் தடவை வலது கையில் இரண்டு நகம் மஞ்சளாகித் தடித்து, ஓரம் உதிர்ந்து கொண்டிருந்தது.

“மொதலாளி தீபாவளி வரைக்கும்தான் பாப்பாராம் பாய். அதுக்குள்ள சரியாகலேன்னா சட்டிக்கு வேற ஆளப் போட்டுருவாராம். நான் விறகுக்காரனாவே இருந்துக்கலாம்னு சொல்லிட்டாரு.”

பேசிக்கொண்டே இருந்தவன், தன்னை அறியாமல் வேட்டிக் கட்டுக்கு மேல் இடுப்பைச் சொறிந்துகொண்டான். நான் பார்த்துவிட்டேன்.

“அங்க என்ன கருப்பசாமி?”

“அங்கயா? அது எல்லாருக்கும் உள்ளதுதான பாய். வேர்வை.”

டாக்டரம்மா எழுந்து வெளியே போனார். திரைக்குப் பின்னால் அவனை நிறுத்தி டார்ச் அடித்தேன். கறுப்பு அரைஞாண் கயிறு. பல வருட வேர்வையில் விறைத்து, பிசுபிசுத்துக் கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இடுப்பைச் சுற்றி ஒரு முழு வட்டம், கருஞ்சிவப்பாக, ஓரமெல்லாம் பொரிந்து. கையில் வந்ததெல்லாம் இங்கிருந்து சொறிந்து எடுத்துக்கொண்டு போனது. வைகாசியிலேயே இதைக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரே வரியில் சொன்னார். “அந்தக் கயித்த எடுத்துரச் சொல்லுங்க.”

கருப்பசாமி பதறிவிட்டான். “அது மட்டும் முடியாது பாய். இடுப்புல கயிறு இல்லாம இருக்கக் கூடாது. செத்தாத்தான் அறுப்பாக.”

எனக்கு இடுப்பில் கயிறு கிடையாது. டாக்டரம்மா பெண், கிறிஸ்தவக் குடும்பம், அவர் வீட்டு ஆண்களுக்கும் அந்தப் பழக்கம் இல்லை. ஆகவே அந்தக் கட்டடத்தில் மருந்து தெரிந்த இரண்டு பேருக்கும் அரைஞாணைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவன் நம்பிக்கையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம், புதுக் கயிறு மாற்றிக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தோம். நானே ஒரு கறுப்புக் கயிறு வாங்கி, கொதிக்க வைத்து, உலர்த்தி, காகிதத்தில் மடித்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்தபோது கேட்டேன்.

“புதுசு கட்டியாச்சா?”

“கட்டியாச்சு பாய்.”

கேட்டேனே தவிர, பார்க்கவில்லை. ஒரு முறை வேட்டியைத் தளர்த்திக் காட்டியதற்கே கூச்சத்தில் அவன் வேர்த்துப் போயிருந்தான். மறுபடி அவனைச் சங்கடப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. முப்பது வருடத்தில் நான் செய்த பெரிய தப்பு இதுதான்.

மூன்று வாரம் போயும் இடுப்பு அரிப்பு குறையவே இல்லை என்றான். கை ஒரு நாள் ஆறுவதும் மறுநாள் சிவப்பதுமாக இருந்தது. என் களிம்பின் மேல் எனக்கே சந்தேகம் வந்தது. அந்தத் தடவை செய்ததை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினேன். அதுவும் கேட்கவில்லை. பிறகு அவன் மேல் சந்தேகம் வந்தது.

“ஏலே, ரெண்டு வேளையும் போடுதியா, இல்ல என்ன ஏமாத்துதியா? ஊர்ல அம்புட்டுப் பேருக்குக் கேக்குற மருந்து ஒனக்கு மட்டும் கேக்காதோ?”

நோயாளிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் வைத்துத்தான் இதைச் சொன்னேன். அவன் டப்பாவை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி போய்விட்டான்.

இதற்கிடையில் நான் செய்ததை மறைக்க மாட்டேன். மருந்துக் கடைக்குப் போய் அந்த ஸ்டீராய்டு ட்யூபில் ஒன்று வாங்கினேன். அவனுக்குக் கொடுக்கும் டப்பாவில் கொஞ்சம் கலந்துவிட்டால் தீபாவளிக்குள் கை அழகாகிவிடும். சட்டி அவன் கைக்கு வந்துவிடும். பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். இப்படித்தான் மனசு கணக்குப் போட்டது. ட்யூப் ஒரு பகல் முழுக்க என் சட்டைப் பையில் இருந்தது. நான் குனிந்து கை கழுவும்போது அது எட்டிப் பார்த்திருக்கிறது. பக்கத்தில் நின்றிருந்த டாக்டரம்மா மிக மெதுவாகக் கேட்டார்.

“ரசாக், உங்களுக்கு எங்கயும் அரிக்குதா?”

ட்யூபை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“மருந்தச் சந்தேகப்பட்டாச்சு. ஆளச் சந்தேகப்பட்டாச்சு. இன்னும் நாம பாக்காதது என்ன?”

“இடுப்பு, டாக்டரம்மா.”

“அப்ப போய்ப் பாத்துட்டு வாங்க.”

மறுநாள் காலை வன்னியம்பட்டிக்குப் போனேன். கருப்பசாமி விறகு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. அவன் மனைவி செல்விதான் “வாங்க பாய்” என்று நாற்காலியை எடுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை.

“கருப்பசாமி, அன்னைக்கு எல்லார் முன்னாலயும் வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். தப்பு என் மேலதான். இப்ப ஒரு தடவை இடுப்பக் காட்டு. பாத்துட்டுப் போயிருதேன்.”

அவன் உள்ளே போய் வேட்டியைத் தளர்த்தினான். டார்ச் அடித்தேன். புதுக் கயிறு இருந்தது. அதை ஒட்டி, அதோடு பின்னிக்கொண்டு, பழைய கயிறும் இருந்தது.

“என்னப்பா இது? பழசு இன்னும் கெடக்கே!”

அவன் என்னைவிட ஆச்சரியப்பட்டான். “ஆமா பாய். புதுசக் கட்டிட்டுத்தான பழச அறுக்கணும். நடுவுல ஒரு நிமிசம்கூட வெறும் இடுப்பா இருக்கக் கூடாதே. அறுக்குறதுக்கும் நாள் இருக்குல்லா. எங்க வீட்ல அமாவாசைக்குத்தான் அறுக்குறது. போன அமாவாசைக்கு லோடு விறகு வந்துட்டு, ஏலல. அடுத்த அமாவாசைக்கு அறுத்துருவேன்.”

செல்வி வாசலில் நின்றபடியே சொன்னாள். “புதுசு கட்டியாச்சான்னு கேட்டீகளாம் பாய். பழச அறுத்தாச்சான்னு நீங்க கேக்கவே இல்லையாம்.”

உண்மைதான். நான் கொதிக்க வைத்துக் கொடுத்த கயிறு மூன்று வாரமாக அந்தப் பழைய கயிற்றோடு ஒட்டிக்கொண்டு அடுப்பு வெக்கையில் வேர்வையில் ஊறிக் கிடந்திருக்கிறது. பழையதில் இருந்த பூஞ்சை புதியதிலும் குடியேறியாயிற்று. இவன் களிம்பைத் தேய்க்கத் தேய்க்க, கயிறு அதைத் திரும்பத் திரும்ப விதைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தச் சாதாரண விஷயம் இந்தத் தெருவில் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

“ரெண்டையும் இப்பவே அறுக்கணும் கருப்பசாமி.”

“அமாவாசைக்கு இன்னும் பன்னெண்டு நாளு இருக்கு பாய்.”

“பன்னெண்டு நாளு போனா தீபாவளிக்குள்ள கை ஆறாது.”

அவன் அசையவில்லை. அப்போது செல்வி உள்ளே போய் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். ஐந்து வயதுப் பிள்ளை. முழங்கைக்கு மேலே காசளவுக்கு ஒரு வட்டம், ஓரம் சிவந்து, நடுவில் வெளிறி. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

“இதுவும் அதுதானா பாய்? அப்பங்கூடத்தான் படுத்துக்கிடும்.”

“அதுதாம்மா.”

கருப்பசாமி பிள்ளையின் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். “வெறும் இடுப்பா மட்டும் இருக்கக் கூடாது பாய். அதுக்கு ஒரு வழி சொல்லும். நாளு கெழமையப் பத்தி நான் பேசல.”

நான் யோசித்தேன். மூன்றாவதாக ஒன்றை இடுப்பில் கட்டினால் அதுவும் பழையவற்றைத் தொட்டுக் கெட்டுப்போகும். கட்டாமல் அறுக்க அவன் விடமாட்டான். அவன் உடம்பைச் சுற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். நெஞ்சுக்குக் கீழே, விலாவின் மேல் தோல் சுத்தமாக இருந்தது.

“கயிறு ஒடம்புல இருந்தாப் போதும்ல? இடுப்புலதான் இருக்கணும்னு இல்லைல்ல?”

புருஷனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் அப்படி ஒரு கேள்வியை அவர்களிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. “இருந்தாப் போதும்னுதான் நெனைக்கேன்” என்றாள் செல்வி.

தெருமுனைக் கடையில் கறுப்புக் கயிறு வாங்கி வந்தேன். செல்வி அடுப்பில் கால் மணி நேரம் கொதிக்க வைத்தாள். வெயிலில் உலர்த்தி, என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அவன் விலாவின் மேல் நானே கட்டினேன். பையிலிருந்து கட்டுத்துணி வெட்டும் கத்தரியை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

“நீரே அறும் பாய். என்னால அறுக்க ஏலாது.”

அவன் கண்ணை மூடிக்கொண்டான். இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டில் அறுத்துக் காகிதத்தில் சுருட்டினேன். அவன் கண்ணைத் திறந்து மேலும் கீழும் பார்த்துக்கொண்டு, “உசுரோடதான் இருக்கேன்” என்றான். செல்வி சிரித்தாள், பிறகு அழுதாள்.

அன்றைக்கே வீட்டில் இருந்த விரிப்பு, போர்வை, வேட்டி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டோம். இடுப்புக்கும் கைக்கும் பிள்ளையின் கைக்கும் ஒரே நாளில் களிம்பு தொடங்கியது. கயிறு அறுத்த எட்டாம் நாளே இடுப்பு அரிப்பு அடங்கியது. இந்த முறை ஒவ்வொரு வாரமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அவனுக்குக் கூச்சம் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நகம் மட்டும் பாக்கி. சீமை அகத்திச் சாற்றில் துணி நனைத்துச் சுற்றி வைத்தேன், அரத்தால் ராவினேன், எண்ணெய் விட்டேன். டாக்டரம்மா இரண்டு வாரம் பார்த்துவிட்டு அரசு மருத்துவமனைத் தோல் மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

“நம்ம களிம்புக்கு இன்னும் கொஞ்ச நாள் குடுத்துப் பாக்கலாமே டாக்டரம்மா.”

“களிம்பு தோல் வரைக்கும்தான் ரசாக். தடிச்ச நகத்துக்கு உள்ள போய் வேலை செய்யாது. அங்க மாத்திரை குடுப்பாங்க, ரத்தம் சோதிச்சுப் பாத்துக் குடுப்பாங்க. நமக்குத் தெரியாதத தெரியாதுன்னு சொல்ல என்ன வெக்கம்?”

எனக்கு அன்று முகம் சுண்டிப் போனது உண்மை. ஆனால் நானே அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். நகத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்து மாத்திரை கொடுத்தார்கள். ‘பூஞ்சை செத்தாலும் கெட்ட நகம் நல்ல நகமாக மாறாது, புது நகம் அடியிலிருந்து வளர்ந்து பழையதைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும், ஐந்தாறு மாதம் ஆகும்’ என்று அந்த மருத்துவர் சொன்னார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு கருப்பசாமியோடு கடைக்குப் போனேன். முதலாளி அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தோல் கண்ணாடி மாதிரி இருந்தது. இரண்டு நகத்தில் அடியில் ஒரு கோடு மட்டும் புது நகம், மேலே மஞ்சள் அப்படியே.

“பாய், எனக்கு மருந்து தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு இவன் கை பட்ட பால்கோவாவ நீங்க சாப்பிடுவீங்களா?”

கருப்பசாமி என்னைப் பார்த்தான். ‘சாப்பிடுவேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவனுக்குச் சட்டி. அடுப்புச் சூட்டில் எதுவும் நிற்காது என்று நானே மனசுக்குள் வாதாடினேன். ஆனால் இறக்கி ஆறிய பிறகு அதை அள்ளித் தாளில் மடிப்பதும் அதே விரல்தான்.

“இன்னைக்கு மாட்டேன் அண்ணாச்சி. தோல் ஆறிட்டு. நகம் இன்னும் ஆறல.”

முதலாளி உள்ளே போய்விட்டார். அந்தத் தீபாவளிக்கு முதல் சட்டியில் வேறு ஒருவர் நின்றார். திரும்பும் பேருந்தில் கருப்பசாமி எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தான். வன்னியம்பட்டி விலக்கில் இறங்கும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இருந்தாலும் மறுபடி கேட்டால் மறுபடியும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மாத்திரையையும் களிம்பையும் மட்டும் அவன் விடவில்லை. வருவான், பேசாமல் டப்பாவை வாங்கிக்கொண்டு போவான். கார்த்திகை, மார்கழி, தை என்று மாதங்கள் இப்படியே போயின. மாசியில் ஒரு நாள் காலையில் வந்து பத்து விரலையும் என் மேசையில் விரித்து வைத்தான்.

டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன். சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு நகத்தையும் அடியிலிருந்து நுனிவரை பார்த்தேன். ஒரு சுற்று முடிந்ததும் நம்பிக்கை வராமல் இன்னொரு சுற்றும் பார்த்தேன். பிறகு கைப்பேசியை எடுத்து முதலாளியை அழைத்து, அவனுக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன்.

“அண்ணாச்சி, களிம்பு பாய் பேசுறேன். தீபாவளிக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டீங்கல்ல. அத இன்னைக்குக் கேளுங்க.”

“சாப்பிடுவீங்களா பாய்?”

“சாப்பிடுவேன். எம் பேரப்பிள்ளைக்கும் குடுப்பேன்.”

“அன்னைக்கு மாட்டேன்னு சொன்ன ஆளு நீங்க. அது போதும் எனக்கு. நாளைக்குக் காலைல அவன மொதச் சட்டிக்கு வரச் சொல்லுங்க.”

கருப்பசாமி மேசையிலிருந்து கையை எடுக்கவில்லை. பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் தானே ஒரு தடவை பார்த்துக்கொண்டிருந்தான்.